கட் சொன்ன பிறகு

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் இவர் படியேறி வந்தார். நின்றுபோன ஃபேனைக் காட்டி, முதலில் அதைப் பாருங்கள் என்றேன். மனுஷர் மறுபேச்சில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கையை நாலு தரம் சுற்றிவிட்டு, இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, "இது எனக்கு வராதுங்க. நான் டைரக்டர்" என்றார்.

அதை ஏறுவதற்கு முன்னால் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? கேட்டேன். நீங்கள் ஆளை வேலை வாங்குகிற விதத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்று சிரித்தார். அன்றைக்கே அவர் மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். சந்தேகக் கண்தான். பன்னிரண்டு வருஷமாகியும் அதை நான் எடுக்கவில்லை.

டேப் எதற்கு என்று இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தால் முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பார்த்திருப்பீர்கள். இவர் அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுவார். அப்புறம் "கட்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போடுவார், சோம்பல் முறிப்பார், தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். எதிரே இருக்கிறவர் அப்பாடா என்று தோளைத் தளர்த்துவார். கேமரா நின்றிருக்காது. அவருக்கு வேண்டிய படம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

அவர் முதலில் கொண்டுவந்தது ஓர் ஆல்பம் பாட்டு. லால்குடிக்காரர் ஒருவர், பைக் ஷோரூமில் வேலை, நடனத்தில் பித்து. கொள்ளிடம் மணலில் இரண்டு நாள் வெயிலில் புரண்டு ஆடியிருந்தார். நான் எடிட் செய்ய உட்கார்ந்தால், டைரக்டர் அந்த ஆட்டத்தையெல்லாம் ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஷாட்டிலும் "கட்" சொன்ன பிறகு இருந்த வாலை மட்டும் எடுக்கச் சொன்னார். ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டுகிறார். கழுத்துச் சங்கிலி குத்துகிறதென்று சொறிகிறார். அம்மாவுக்குப் போன் போட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிறார். உருகி உருகிப் பாடுகிற காதல் பாட்டுக்கு இதுதான் படம். ஹீரோ என் கடைக்கு வந்து, நான் ஆடியதெல்லாம் எங்கே அக்கா என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் பாட்டு ஊரெல்லாம் போன் போனாகப் பரவியது. லால்குடி பஸ்ஸில் ஏறினால் பெண்பிள்ளைகள் "என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்களாம். அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் ஆடியதை மட்டும் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

கேமரா இருந்தால்தான் இந்தக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, போயிட்டு வரேன் என்று எழுந்த பிறகு வாசலில் நின்று பேசுவது. உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் வராத பேச்சு, செருப்பு மாட்டும்போது வந்துவிடும். இவர் அதைத் தொழிலாகவே வைத்திருந்தார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடுவார். அது காலடியிலேயே கிடக்கும். அதைத் தள்ளிவிட்டுத் தேடுவார். அந்த நேரத்தில் எதிராளி வாயைத் திறந்துவிடுவார். ஒற்றைச் செருப்போடு அரைமணி நேரம் நிற்க அவருக்கு அலுக்கவே அலுக்காது.

ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடியில் குடியிருந்தார். கீழ்வீட்டு மாமி தினமும் காலையில் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஒருநாள் வாசலில் இவரிடம் உளறிவிட்டாள். முழங்கால் வலியில் உள்ளே நடக்க முடியாமல், மூன்று மாதமாகக் கோபுர வாசலோடு நின்று, ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறாளாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நான் அங்கே போனபோது மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளையாண்டான் யார்கிட்டேயும் சொல்லமாட்டானோன்னோ?" என்று கேட்டாள். சொல்லமாட்டார் மாமி என்றேன். அவர் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து அவர் எடுத்த முதல் காமெடிப் படத்தில் ஒரு மாமி கோயிலுக்குக் கிளம்பி, கோபுர வாசலில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தியேட்டர் அதிர்ந்தது. கீழ்வீட்டு மாமி அதை டிவியில் பார்த்துவிட்டு, அது எதிர்வீட்டுக்காரியைப் பற்றியது என்று வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். தப்பித்தோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். என் அத்தை விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக்கிளறிக் காயவைக்க வேண்டும். மில்லே கொடுத்த லைன் வீட்டில் குடும்பம். மாமாவும் அதே மில்தான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மிஷின் பெல்ட்டில் மாட்டி அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. குடித்துவிட்டு மிஷினிடம் போனார் என்று மில்லில் எழுதி வைத்துவிட்டார்கள். மாமாவோ சோடா குடித்தால்கூட இருமுகிறவர். தீபாவளி, பொங்கல் என்று சொந்தம் கூடும்போதெல்லாம், "எந்தப் பய சொன்னானோ நான் குடிச்சிருந்தேன்னு, அவன் நல்லாருக்கட்டும்" என்பார். அத்தை உடனே அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் அதற்கு அர்த்தம் எதுவும் பார்த்ததில்லை.

ஆல்பம் பாட்டுகள் சலித்துப் போய் டைரக்டர் ஆவணப்படம் பக்கம் திரும்பினார். நெல் காயவைக்கிற பெண்களின் பாதங்களைப் பற்றி ஒரு படம். அத்தையிடம் அழைத்துப்போனது நான்தான். களத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பேட்டி. மொதலாளி தங்கமான மனுஷர், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அத்தை பாடம் ஒப்பித்தாள். "கட்" என்று அவர் கத்தினார். ஹெட்ஃபோனைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"கேமராவுல இதச் சொல்ல முடியுமா, சொல்லுங்க. அவரு ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்கறாரு. பேப்பரோட வந்தாங்க. குடிச்சிருந்தாருன்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போடலன்னா வேலையும் இல்ல, வீடும் இல்லன்னாங்க. நான்தாங்க போட்டேன். இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்த மனுஷன் செத்துருவாரு."

டேப்புக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும். அத்தையை ஒரு இடி இடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் பேசி முடிக்கட்டும் என்று எனக்குள்ளும் ஒருத்தி காத்திருந்தாள். எடிட்டர் புத்தி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம்போல் வருகிறது.

பஸ் நிலையம் வரும்வரை அவரோடு சண்டை போட்டேன். இது வெளியே வந்தால் அத்தைக்கு வேலை போகும், வீடு போகும், அதைவிட முக்கியம், மாமாவுக்குத் தெரிந்துபோகும். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். படத்தில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். என் கம்ப்யூட்டரில் ஏற்றியதை நானே அழித்தேன். கேமராவிலிருந்த மெமரி கார்டைக் கேட்டேன். நானே அழித்துவிடுகிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், டேப் சுருளுக்குப் பக்கத்தில். அழித்தாரா? எனக்குத் தெரியாது. கேட்டால், "உங்களுக்கு என்மேல நம்பிக்கையே கெடையாதும்மா" என்பார். கிடையாதுதான்.

ஒரு கல்லூரி ஹாலில் படத்தைத் திரையிட்டார்கள். மில் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எடிட் செய்தது நான்தான் என்றாலும் கடைசிப் பிரதியை இவர் இரண்டு நாள் வாங்கி வைத்திருந்தாரே, என்னத்தைச் சொருகினாரோ என்று ஒவ்வொரு ஷாட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. வேப்பமரம் வந்தது, "தங்கமான மனுஷர்" என்ற பேச்சு வந்தது, பாதங்கள் வந்தன. முதலாளி எழுந்து கைகொடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் அத்தைக்கு ஒரு பிரதி கொடுக்க இரண்டு பேரும் போனோம். அத்தை களத்தில் இருந்தாள். கூட்டி வருகிறேன் என்று போன நான், நெல்லைக் குவித்து மூடும்வரை அவளோடு நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால், வாசலில் டைரக்டர் ஒற்றைச் செருப்போடு நிற்கிறார். மாமா நிலைப்படியில் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். அதிகம் பேசாத மனுஷர், இடது கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்கிறார். எங்களைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் தோளில் கேமரா பை. ஜிப் திறந்திருந்தது.

வழியில் என்ன பேச்சு என்று கேட்டேன். சும்மா, பழைய கதை என்றார். அத்தை சொன்னதை மாமாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அத்தை வீட்டிலிருந்து போன் வந்தால் நாலு தரம் அடித்த பிறகுதான் எடுப்பேன். அத்தையோ பூண்டு ஊறுகாய் போட்டிருக்கிறேன், வந்து எடுத்துப்போ என்பாள். அடுத்த தீபாவளிக்கும் மாமா, "எந்தப் பய சொன்னானோ" என்றார். அத்தை அடுப்படிக்குள் போனாள். சரி, தெரியவில்லை என்று மூச்சு விட்டேன்.

அப்புறம் டைரக்டர் சென்னைக்குப் போனார். ஆவணப்படம் எடுத்த கை காமெடிக்குப் போனதை எல்லோரும் ஆச்சரியமாகச் சொன்னார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. அவர் செய்தது எப்போதும் ஒரே வேலைதான். அங்கே பெரிய பெரிய எடிட்டர்கள் இருந்தும், முதல் எடிட்டிங்கை என்னிடம்தான் செய்வார். ஹார்ட் டிஸ்க் பஸ் பார்சலில் வரும். என் சந்தேகம் அவருக்குத் தேவையாக இருந்ததோ என்னவோ.

மூன்றாவது காமெடிப் படத்தின் டிஸ்க் வந்தது. பதினேழாவது காட்சி. மிஷினில் ஒரு கை போன மனுஷன். குடிபோதையில் கையை விட்டான் என்று பதிவாகியிருக்கிறது. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சாராயக் கடைக்குப் போகிறான். என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான்: "தெரியலீங்க. நான் குடிகாரன்னு எம்பொண்டாட்டி எழுதிக்குடுத்திருக்கா. அவ பொய் சொன்னான்னு ஆயிடக் கூடாது பாருங்க. எது குடிக்கலாம்?"

சிரிப்புக் காட்சி. நடிகர் அப்படி நடித்திருந்தார். நான் மவுஸைத் தூக்கி எறிந்தேன்.

போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். என் அத்தை செத்துச் செத்துப் பிழைத்ததை ஊர் சிரிக்க விற்கிறீர்களா என்று கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அத்தை பேசுனதுல இருந்து ஒரு வார்த்தை எடுக்கலம்மா."

"அப்ப யார் சொன்னா?"

"சொன்னவங்க பேரைச் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

உங்கள் வாக்கு எனக்குத் தெரியாதா என்று வைத்துவிட்டேன். அந்தக் காட்சியே இல்லாமல் எடிட் செய்து அனுப்பினேன். திருப்பி வைத்துக்கொண்டார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுக்கவில்லை. அந்தப் பெயர்தான் வினையானது. டைட்டிலில் நம்ம பிள்ளை பெயர் வருகிறதாம் என்று மாமா ஆரம்பித்துவிட்டார். படம் நன்றாக இல்லை, மாமா, தலைவலி வரும் என்று என்னென்னவோ சொன்னேன். "டிக்கெட் எடுத்தாச்சு. நீயும் வர்ற" என்றார். பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

பகல் காட்சி. அத்தை நடுவில், ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் நான். பெயர் வந்ததும் மாமா ஒற்றைக் கையால் தொடையில் தட்டினார். எனக்கு ஒரு சீன் கூடக் கண்ணில் நிற்கவில்லை. பதினேழாவது எந்த நிமிஷத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். கரண்ட் போகக் கூடாதா, கதவுப்பக்கம் யாராவது சண்டை போடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. ஒற்றைக்கை மனுஷன் சாராயக் கடைக்கு முன்னால் நின்றான். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

எங்கே சிரிப்பு விழும் என்று கணக்குப் பார்த்து வெட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தக் காட்சியில் தியேட்டர் சிரிக்க வேண்டிய இடம் "எது குடிக்கலாம்" என்பதற்குப் பிறகு. நடிகர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார், அவ்வளவுதான். மாமா சிரித்தார்.

முதலில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். மெதுவாக, தனக்குத்தானே, அடுத்து வரப்போவது தெரிந்த சிரிப்பு. உதடு அசைந்தது. அப்புறம்தான் நடிகர் சொன்னார், அப்புறம்தான் தியேட்டர் வெடித்தது. அன்றைக்கு வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது.

அத்தைக்கும் விளங்கியது. என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். திரையைப் பார்க்காமல் மாமாவையே பார்த்தாள். சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு கேட்டாள்.

"எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே. நெனவு வந்துதான் கெடந்தேன், கண்ண தொறக்கல" என்றார் மாமா. "தொறந்திருந்தா நீ போட்டிருக்க மாட்ட. படத்தப் பாரு, பின்னாடி உள்ளவங்க திட்டப் போறாங்க."

அத்தை படத்தைப் பார்த்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பாதியில், மாமாவின் காலியான வலது சட்டைக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடியும்வரை அதை விடவில்லை.

அவர்களைச் சத்திரத்தில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. டைரக்டர். மாமா படம் பார்க்கப் போவது இவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை, கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாரா? மாமா மனமறிந்து சொன்னாரா, திறந்திருந்த ஜிப்புக்குள் கேமரா அதைக் கேட்டுக்கொண்டிருந்ததா, அந்தக் கார்டு அழிந்ததா இல்லையா, எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது, நம்பக் கூடாது என்றும் இருந்தது.

"ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"படம் நல்லாருந்துச்சுன்னாங்க சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரிம்மா, வச்சிடறேன்" என்றார்.

வைக்கவில்லை. மறுமுனையில் அவர் மூச்சு கேட்டது. ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடுகிறார். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார். தொண்டைவரை வந்துவிட்டது. பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் அத்தை அந்தச் சட்டைக் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் கட் செய்தேன்.